காலையில் மாத்திரை, மாலையில் கஷாயம்: நடுவில் யார் கேட்பது?

ஸ்ரீரங்கம் கோயிலின் தன்வந்திரி சன்னதிக்கு ஒரு கதை உண்டு. ஒருநாள் காலையில் சேவிக்கப் போன ராமானுஜருக்கு, பெருமாளின் திருமுகம் வாடியிருப்பதாகப் பட்டதாம். முந்தைய நாள் என்ன அமுது செய்வித்தீர்கள் என்று கைங்கர்யம் செய்பவர்களிடம் விசாரித்தார். தயிர்சாதம், அதோடு நாவல்பழம் என்று பதில் வந்தது. தனித்தனியே இரண்டும் நல்ல பண்டங்கள்தான், சேர்ந்ததுதான் தப்பு என்று கண்டுகொண்ட ராமானுஜர், கருடவாகன பண்டிதரை வரவழைத்துக் கஷாயம் சமர்ப்பிக்கச் சொன்னார். இரவில் பெருமாளுக்குக் கஷாயம் சமர்ப்பிக்கும் வழக்கம் அப்படி வந்தது என்று சொல்வார்கள்.

கதையைத் தள்ளிவைத்துவிட்டுக் கல்வெட்டுக்கு வந்தாலும், ஸ்ரீரங்கம் தீவுக்கும் மருத்துவத்துக்கும் உறவு பழையது. ஹொய்சாளர் காலத்தில் கோயிலுக்குள் ஏற்பட்ட ஆரோக்கியசாலை படையெடுப்பில் சிதைந்துபோக, பிறகு கருடவாகன பட்டர் என்பவர் அதைப் புதுப்பித்ததை 1493-ம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது.

அந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது கஷாயமில்லை, ராமானுஜரின் விசாரணை. எதோடு எது உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவர் வைத்தியத்தைத் தொடங்கவில்லை. இன்றைக்கு நம் ஆஸ்பத்திரிகளில் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் விழுவதில்லை. கேட்டாலும் நோயாளி உண்மையைச் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டு மௌனங்களைப் பற்றியது.

திருச்சிக்கு அருகே முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடத்திலிருந்து கிழக்கே போகப் போக, இரு கரைகளிலும் வாழைத் தோட்டங்கள், நெல்வயல்கள். வரப்பில் கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி. ஜீயபுரம், முத்தரசநல்லூர் பக்கத்து வீடுகளில் மஞ்சள்காமாலை என்று கேட்டவுடன் வரப்புக்கு ஆள் அனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதே வீட்டின் அலமாரியில் பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கும். உள்ளே மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அம்லோடிபின், ஆஸ்பிரின். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுகாதாரத் தன்னார்வலர்கள் இந்த மாத்திரைகளை வாசலிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாத ஜனங்களுக்கு இது பெரிய உதவி. இதே தமிழக அரசுதான் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரையும், 2020-ல் கொரோனாவின்போது கபசுரக் குடிநீரையும் தெருத்தெருவாகக் கொடுத்தது. நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்குகள், கபசுரத்தில் பதினைந்து. ஆக, காலையில் மாத்திரை, மாலையில் கஷாயம் என்பது யாரோ சிலரின் விசித்திரப் பழக்கமில்லை. நம் வீடுகளின் நடைமுறை அது.

திருச்சிக்கு இதில் ஒரு தனி அடையாளமும் இருக்கிறது. புத்தூர் அரசு மருத்துவமனையோடு சேர்ந்து 1997-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரிக்குப் பெயர் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி. தமிழறிஞர் என்று நாம் அறிந்த கி.ஆ.பெ., சித்த மருத்துவத்தில் ஊறியவர். 'தமிழ் மருந்துகள்' என்று நூலே எழுதியவர். ஆங்கில மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் தினமும் அவர் பெயரைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறார்கள். இரண்டு மருத்துவங்களும் உட்கார்ந்து பேசிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

"மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லீங்க"

பெரிய கடை வீதியின் நாட்டு மருந்துக் கடைகளில் சிறிது நேரம் நின்றாலே போதும். சுக்கு, திப்பிலி, கடுக்காய், அதிமதுரம் என்று வாசனைகள் ஒன்றோடொன்று கலந்து வரும். "அண்ணே, சர்க்கரைக்கு நல்லதா ஒரு பொடி கட்டுங்க." சிறுகுறிஞ்சான், நாவல்கொட்டை, ஆவாரம்பூ, வெந்தயம் என்று கை பழகிய வேகத்தில் பொட்டலம் தயாராகிறது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் என்கிறார் கடைக்காரர். வாங்குகிறவர் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவரா, எந்த மாத்திரை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்ற பேச்சு பெரும்பாலும் எழுவதில்லை. அனுபவமுள்ள சில கடைக்காரர்கள் கேட்கவும் செய்கிறார்கள். அவர்களை மதிக்கிறேன்.

பத்து நாள் கழித்து அதே ஆள் டாக்டர் முன்னால் உட்காருகிறார்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களாய்யா?"

"மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டாக்டர்."

அவர் பொய் சொல்லவில்லை. சிறுகுறிஞ்சான் பொடி அவர் கணக்கில் மருந்து இல்லை, வீட்டுச் சாமான். தெரிந்தே மறைக்கிறவர்களும் உண்டு. "அந்தக் குப்பையை எல்லாம் தூக்கிப் போடு" என்று முன்பொரு நாள் திட்டு வாங்கியவர் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார். திட்டுகிற டாக்டர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் திட்டியதால் அந்தப் பொடி நிற்பதில்லை. அதைப் பற்றி உங்களுக்குத் தெரிவதுதான் நின்றுபோகிறது. மறுபக்கமும் இதே கதைதான். ஆங்கில மாத்திரை சாப்பிடுகிறோம் என்று சொன்னால் வைத்தியர் கோபித்துக்கொள்வார் என்று அங்கேயும் மறைக்கிறார்கள்.

மதகும் கல்லீரலும்

உள்ளே என்னதான் நடக்கிறது? முக்கொம்பை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். ஒரு காலத்தில் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்துபோய், வருகிற தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே வடிந்து, காவிரிக்குத் தண்ணீர் ஏறாமல் தஞ்சாவூர் வயல்கள் தவித்தன. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836 முதல் 1838 வரை இங்கே கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டிய பிறகுதான் காவிரிக்கு உரிய நீர் கிடைத்தது. எவ்வளவு வடிய வேண்டும், எவ்வளவு வயலுக்குப் போக வேண்டும் என்பது அன்றிலிருந்து மதகின் கையில். 2018 ஆகஸ்ட் 22-ம் தேதி இரவு, வெள்ளத்தில் கொள்ளிடம் பக்கத்து ஒன்பது மதகுகள் உடைந்து தண்ணீர் கட்டுக்கடங்காமல் அந்தப் பக்கம் ஓடியதை இந்த ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது.

நாம் விழுங்கும் மாத்திரைக்கும் உடலில் இப்படி ஒரு வடிகால் உண்டு. கல்லீரலிலும் குடல் சுவரிலும் இருக்கும் சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம், மருந்தைச் சிதைத்து வெளியே தள்ளும் வேலையைச் செய்கிறது. ஒரு மாத்திரை எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்பதெல்லாம் இந்த வடிகால் எவ்வளவு திறந்திருக்கும் என்ற கணக்கை வைத்து முடிவானவை. சில மூலிகைகள் இந்த மதகை மூடிவிடும். மருந்து வடியாமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். சரியான டோஸே நஞ்சாகும். வேறு சில மூலிகைகள் மதகை அகலத் திறந்துவிடும். மாத்திரையைத் தவறாமல் விழுங்கிக்கொண்டிருப்பார், ரத்தத்தில் மருந்து இருக்காது.

இரண்டாவது வகைக்கு உலகம் முழுவதும் சொல்லும் உதாரணம் சூரிக் நகரத்தில் நடந்தது. 2000-ல் லான்செட் இதழில் வெளியானது. மாற்று இதயம் பொருத்தப்பட்ட இரண்டு நோயாளிகள், உடல் அந்த இதயத்தை நிராகரிக்காமல் இருக்க சைக்ளோஸ்போரின் சாப்பிட்டு வந்தார்கள். மனச்சோர்வுக்காக ஐரோப்பாவில் சாதாரணமாகக் கிடைக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையையும் சேர்த்துக்கொண்டார்கள். சைக்ளோஸ்போரின் அளவு சரிந்தது. பொருத்திய இதயத்தை உடல் தாக்கத் தொடங்கியது. காரணம் தெரிந்து மூலிகையை நிறுத்திய பிறகு அளவு பழையபடி ஏறியது.

முதல் வகையைக் கண்டுபிடித்தது தற்செயலாக. கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர் ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையையும் மதுவையும் சேர்த்து ஆராய்ந்தபோது, மதுவின் சுவை தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்து கொடுத்தார்கள். மாத்திரையின் அளவு ரத்தத்தில் எதிர்பாராத உயரத்துக்கு ஏறியது. மதுவுக்கு அதில் பங்கில்லை, சாறுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. கிரேப்ஃப்ரூட் நம் ஊர்ப் பழமில்லை என்று நினைக்க வேண்டாம். அதன் நெருங்கிய சொந்தமான பம்ளிமாஸிலும் அதே வகை வேதிப்பொருட்கள் இருக்கின்றன.

இந்த இடத்தில், நல்ல எண்ணத்தோடு நம் வீடுகளில் சொல்லப்படும் ஒரு யோசனையைப் பேசியாக வேண்டும். 'ரெண்டு மணி நேரம் இடைவெளி விட்டுச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது' என்பார்கள். இது பாதி உண்மை. இசப்கோல் போன்ற நார்ச்சத்து மாத்திரையைக் குடலில் உறிஞ்சவிடாமல் தடுக்கும். கடுக்காயின் துவர்ப்புச் சத்து இரும்புச்சத்து மாத்திரையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இவற்றுக்கு இடைவெளி உதவும். ஆனால் கல்லீரல் மதகு கடிகாரம் பார்ப்பதில்லை. செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டை நிறுத்தினாலும் அதன் விளைவு அடங்க இரண்டு வாரம் வரை ஆகும். கிரேப்ஃப்ரூட் சாறு ஒரு தம்ளர், ஒரு நாளைக்கு மேலும் நிற்கும். காலையில் மாத்திரை, மாலையில் கஷாயம் என்று பிரித்துவிட்டதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது.

திரிகடுகத்தின் இரு முகம்

சுக்கு, மிளகு, திப்பிலி. நம் வைத்தியத்தில் இந்த மூன்றும் இல்லாத கஷாயம் அபூர்வம். மற்ற மருந்தை உடலுக்குள் கொண்டுசேர்க்கும் என்று வைத்தியர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்ததை, ஜம்மு ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் ஆராயத் தொடங்கினார்கள். மிளகிலும் திப்பிலியிலும் இருக்கும் பைப்பரின் என்ற காரப்பொருள்தான் அந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்தது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998-ல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது, ரத்தத்தில் சேரும் மஞ்சள் சத்து பல மடங்கு கூடியது. மதகு மூடுவதன் நல்ல பக்கம் இது. இதையே காசநோய்க்கும் பயன்படுத்தினார்கள். ரிஃபாம்பிசின் 450 மில்லிகிராம் கொடுக்க வேண்டிய இடத்தில், 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்து 200 மில்லிகிராமே போதும் என்ற கணக்கில் உருவான ரிசோரின் என்ற கூட்டு மருந்து 2009-ல் இந்தியச் சந்தைக்கு வந்தது. நம் அடுப்படிச் சரக்கு ஒன்று, நவீன மருந்தின் அளவைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்திருக்கிறது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

அதே பைப்பரின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், இதயத்துடிப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால், மூச்சிரைப்புக்கான தியோஃபிலின் ஆகியவற்றின் அளவையும் ரத்தத்தில் ஏற்றுகிறது என்பதை 1980-களின் கடைசியிலும் 1991-லும் வந்த ஆய்வுகள் காட்டின. தியோஃபிலின் கொஞ்சம் கூடினாலே படபடப்பு, வாந்தி, இன்னும் ஏறினால் வலிப்பு. காசநோயாளிக்கு உதவுகிற அதே குணம் இன்னொருவருக்கு ஆபத்தாகிறது.

அப்படியென்றால் மிளகு ரசத்தை நிறுத்தச் சொல்கிறேனா? இல்லை. தினமும் ரசம் சாப்பிடுகிற ஒருவருக்கு டாக்டர் மாத்திரையின் அளவை ஏற்றி இறக்கிச் சரிசெய்யும்போது, அந்த ரசமும் சேர்ந்தேதான் கணக்கில் வந்துவிடுகிறது. சிக்கல் வருவது மாற்றத்தில். இத்தனை நாள் இல்லாத பைப்பரின் மாத்திரையோ, திப்பிலி லேகியமோ புதிதாக நுழைந்தால், அல்லது வழக்கமாகச் சாப்பிட்டு வந்ததைத் திடீரென்று நிறுத்தினால், பழைய கணக்கு தப்பாகிவிடும்.

சர்க்கரை நோயில் இது இன்னும் நேரடியாகத் தெரியும். 1979-ல் லான்செட்டில் வந்த ஒரு சிறு குறிப்பு இந்தத் துறையில் பலரும் எடுத்துக்காட்டுவது. பிரிட்டனில் வாழ்ந்த பாகிஸ்தானியப் பெண் ஒருவர் குளோர்ப்ரோபமைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டு வந்தார். கறியில் அவர் போட்ட பாகற்காய், மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை மேலும் இறக்குவதாக மருத்துவர்கள் கண்டார்கள். அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. பாகற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சான் பொடி, வெந்தயம் என்று நம் வீடுகளில் அந்தப் பட்டியல் நீண்டுதான் இருக்கிறது.

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை அதிகமாக இறங்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் எடுப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். வயதானவர், சிறுநீரகம் சற்றுப் பலவீனமானவர், இரவில் ஒன்றிரண்டு இட்லியோடு முடித்துக்கொள்கிறவர் என்றால் இரட்டைக் கவனம். விடியற்காலை மூன்று மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறும். பக்கவாதம் என்று பதறி ஆட்டோ பிடிப்பார்கள். ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை ஐம்பதுக்கும் கீழே. குளுக்கோஸ் ஏற்றினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மாத்திரையின் அளவு குறைக்கப்படும். பொடியைப் பற்றிப் பேச்சே வராமல் வீட்டுக்கு வந்து, மறுநாள் காலை மறுபடியும் ஒரு ஸ்பூன்.

வலிப்பு நோயில் கதை நேரெதிராக முடிந்தது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில், ஃபெனிடாயின் சாப்பிட்டுக் கட்டுப்பாட்டில் இருந்த இரண்டு நோயாளிகளுக்குத் திடீரென்று வலிப்பு திரும்பியது. விசாரித்ததில், நினைவாற்றலுக்கென்று விற்கும் சங்கபுஷ்பி கலந்த ஆயுர்வேத மருந்தைச் சேர்த்துக்கொண்டது தெரிந்தது. எலிகளில் சோதித்தபோது அது ஃபெனிடாயினின் அளவைக் குறைப்பது உறுதியானது. 1992-ல் கட்டுரையாக வந்தது. அந்த டாக்டர்கள் விசாரித்ததால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. விசாரிக்காமல் ஃபெனிடாயின் அளவை மட்டும் ஏற்றியிருந்தால்? அந்த ஆயுர்வேத மருந்தை நோயாளி நிறுத்தும் நாளில் அந்த ஏறிய அளவே நஞ்சாகியிருக்கும்.

இலங்கையில் நடந்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கும் ஆவாரம்பூத் தேநீர் பிரபலம். 2004-ல் வெளியான அந்த எலி ஆய்வில், ஆவாரைத் தேநீரோடு கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்து கொடுத்தபோது, ரத்தத்தில் மருந்தின் அளவு கணிசமாகக் கூடியது. முடக்கற்றான் தேநீரோடு அப்படிக் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தாது என்பது சரி. ஆனால் எல்லா மூலிகையும் ஒன்றுதான் என்று ஒட்டுமொத்தமாகப் பயப்படவும் கூடாது, ஒட்டுமொத்தமாக நம்பவும் கூடாது என்பதற்கு இந்த ஆய்வு நல்ல சாட்சி.

இதய வால்வு மாற்றியவர்களில் பலர் அசிட்ரோம் என்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை வைட்டமின் கே-க்கு எதிராக வேலை செய்கிறது. முருங்கைக் கீரையிலும் மற்ற பச்சைக் கீரைகளிலும் வைட்டமின் கே நிறைய. இதைக் கேட்டுவிட்டு கீரையையே தொடாதவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம். வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரே சீராகச் சாப்பிட்டால், டாக்டர் அதற்கேற்ப மாத்திரையைச் சரிசெய்துவிடுவார். மாதம் முழுக்க கீரை இல்லாமல் இருந்துவிட்டு, யாரோ சொன்னார்கள் என்று ஒரு மண்டலம் முருங்கை இலைப்பொடி சாப்பிடும்போதுதான் ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு குலையும். மறுதிசையில், பூண்டு, இஞ்சி, மஞ்சள் மாத்திரைகள் ரத்தத் தட்டணுக்களின் ஒட்டும் தன்மையைக் குறைக்கக்கூடியவை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே இத்தகைய மூலிகை மாத்திரைகளை நிறுத்தச் சொல்லி மயக்க மருந்து நிபுணர்கள் அறிவுறுத்துகிறார்கள்.

அதிமதுரம் வேறு வழியில் வேலை செய்கிறது. தொண்டை கட்டினால் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வது பாடகர்களும் ஆசிரியர்களும் தலைமுறைகளாகச் செய்து வருவது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. வாரக்கணக்கில் தேக்கரண்டி தேக்கரண்டியாகப் பொடி சாப்பிட்டால், அதிலுள்ள கிளிசிரைசின் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். ரத்த அழுத்தம் ஏறும். கால் வீங்கும். நீர் பிரியும் மாத்திரையான ஃப்ரூசமைடு சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் இரண்டு பக்கமும் கசியும். இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் குறைவதே துடிப்பைத் தாறுமாறாக்கப் போதும்.

அமுக்கராவை (அஸ்வகந்தா) தூக்கத்துக்கும் தெம்புக்கும் என்று பலரும் இணையத்தில் வாங்குகிறார்கள். தைராய்டு ஹார்மோன் அளவை அது உயர்த்துவதை 2018-ல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. தைராக்ஸின் மாத்திரை சாப்பிடும் பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று பக்கத்து வீட்டைக் கேட்டாலே தெரியும்.

வைத்தியர் அறிந்தது

இதையெல்லாம் படித்துவிட்டு, நாட்டு மருத்துவம் அறியாமையில் நிற்கிறது என்று யாராவது முடிவுகட்டினால் வருத்தப்படுவேன். பொருட்களில் ஒன்றுக்கொன்று சத்துரு எது, மித்துரு எது என்று பிரித்து வைத்தது சித்த மருத்துவம். ஒரே மருந்தைத் தேனில் கொடுப்பதா, நெய்யில் கொடுப்பதா, வெந்நீரில் கொடுப்பதா என்று அனுபானம் சொன்னார்கள். புளி நீக்கு, கசப்பு நீக்கு என்று பத்தியம் வைத்தார்கள். சேர்க்கை மருந்தின் குணத்தை மாற்றும் என்பது அவர்களுக்கு அடிப்படைப் பாடம். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ, அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவிலோ உட்காருகிற பட்டம் பெற்ற மருத்துவர், நீங்கள் சாப்பிடும் ஆங்கில மருந்துகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளக்கூடியவர். அகத்தியர் காலத்துச் சுவடியில் கிளிமிபிரைடு இருக்காது. அந்த இடைவெளியை நிரப்ப இன்றைய இரு தரப்பு மருத்துவர்களும் சேர்ந்துதான் எழுத வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். பெயரில்லாத பொட்டலம், லைசென்ஸ் எண் இல்லாத டப்பா, வாட்ஸ்அப்பில் சுற்றும் 'ஒரே வாரத்தில் சர்க்கரை நார்மல்' செய்தி. மூட்டுவலிப் பொடிகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும், சர்க்கரைப் பொடிகளில் கிளிபென்கிளமைடும் கலந்திருந்ததை உலகின் பல நாடுகளில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்திருக்கின்றன. அப்படிப்பட்ட பொடி 'நன்றாகக் கேட்கிறது' என்றால், கேட்பது மூலிகை இல்லை. இங்கே மூலிகைக்கும் மாத்திரைக்கும் மோதலே இல்லை. மாத்திரையோடு ஒளித்துவைத்த இன்னொரு மாத்திரை மோதுகிறது. உரிமம் பெற்ற சித்த, ஆயுர்வேத மருந்தின் லேபிளில் உட்பொருட்கள், உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் இருந்தாக வேண்டும். அவை இல்லாததைத் தொடாதீர்கள்.

சுத்தமான சரக்கிலும் ஆபத்து வரலாம் என்பதற்குச் சீந்தில் உதாரணம். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று நாடே சீந்தில் குடித்தபோது, மும்பையில் ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மருத்துவர்கள் 2021-ல் பதிவுசெய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவை ஏற்கவில்லை, விவாதம் நடந்தது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் ஒன்று சொல்லலாம். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்று சொல்லப்படும் எதையும், சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிவைத்துக்கொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர் தானாகத் தொடவே கூடாது.

ஒரு கட்டம் போதும்

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது எளிது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டைகளோடு பொடி, லேகியம், சூரணம், கஷாயப் பாக்கெட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். கேட்கவில்லை என்றாலும் மேஜைமேல் வையுங்கள். புதிதாக ஒரு மூலிகை தொடங்குவதென்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் அந்த முதல் இரண்டு வாரங்களில் வீட்டு மீட்டரில் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். வலிப்பு, ரத்தம் உறையாமை, உறுப்பு மாற்று, புற்றுநோய், எச்.ஐ.வி., மனநலம் ஆகியவற்றுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். இன்னொன்று மிக முக்கியம்: இதைப் படித்த பயத்தில் மாத்திரையையோ, நெடுநாள் சாப்பிட்டு வரும் மூலிகையையோ இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவதும் ஒரு மாற்றம்தான். அதையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

அரசுக்கு ஒரு கோரிக்கை. மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர்கள் ஏற்கெனவே வாசலுக்கு வருகிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், எழுதிக்கொள்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள். டாக்டரிடம் சொல்லாததை "அக்கா, இந்தப் பொடியும் சாப்பிடுறேன்" என்று அவர்களிடம் ஜனங்கள் சொல்வார்கள். அந்தப் பதிவேட்டில் நாட்டு மருந்துக்கென்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும். அதே கட்டம் புறநோயாளிச் சீட்டிலும், சித்தா பிரிவின் சீட்டிலும் வரட்டும். எந்தச் சேர்க்கை நம் ஜனங்களிடம் எப்படி வேலை செய்கிறது என்ற தகவல் சில ஆண்டுகளிலேயே திருச்சி மாவட்டம் ஒன்றிலிருந்தே திரண்டுவிடும். சூரிக்கையும் மும்பையையும் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மருந்துகளின் பக்க விளைவுகளைப் பதிவுசெய்யும் தேசியத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. நோயாளியோ குடும்பத்தாரோ நேரடியாகவே கூப்பிடலாம். நோயாளிகளுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. ஆயுஷ் மருந்துகளுக்கென்று 2018-லிருந்து தனிக் கண்காணிப்பு அமைப்பும் செயல்படுகிறது. சித்த மருந்துகளின் புகார்களைத் தாம்பரம் நிறுவனம் பெற்றுக்கொள்கிறது. கூப்பிடும்போது மாத்திரையின் பெயர், பொடியின் பெயர், வாங்கிய இடம், தொடங்கிய தேதி, உபாதை தெரிந்த தேதி இவை கையில் இருக்கட்டும். பொட்டலத்தில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடாமல் எடுத்துவையுங்கள், சோதனைக்குத் தேவைப்படும்.